பந்தயக் களத்தில் ஒரு வேலைநிறுத்தம்

வேலைநிறுத்தம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண்முன் தோன்றுவன ஆலை வாயிலும், ரயில்வே பணிமனையும், துறைமுகமுமே. கூலி போதவில்லை என்று தொழிலாளர் கருவியைக் கீழே வைப்பதும், முதலாளி மறுப்பதும், சர்க்கார் தலையிடுவதும் நாம் பலமுறை கண்ட காட்சிகள். ஆனால் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் வேலைநிறுத்தம் நடந்தது என்று சொன்னால் நமது வாசகர்களில் பலர் வியப்படையக்கூடும். உயிரைத் துச்சமாக மதித்து வேகத்தையே விரும்பிச் செல்பவர்களுக்குக் கூலிக் கணக்கு எதற்கு என்றும் சிலர் கேட்கலாம். அக்கேள்விக்கு விடையாகவே 1955-ஆம் வருஷம் ஜூலை 16-ஆம் தேதி ஹாலந்து தேசத்தின் அஸென் நகரில் நடந்ததை இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம். நடந்தது விளையாட்டுக் களத்தில்தான்; ஆயினும் அதில் அடங்கியிருக்கும் நியாயம் விளையாட்டோடு முடிவதன்று.

பந்தயமும் அதன் பிரிவுகளும்

அஸென், ஹாலந்தின் வடகிழக்கில் டிரெந்தெ என்ற மாகாணத்திலுள்ள ஊர். சமதரையும், வயல்களும், மரவரிசைகளும் நிறைந்த நாட்டுப்புறம் அது. டச்சு டி.டி. என்று பெயர் பெற்ற பந்தயம் 1925-ல் அம்மாகாணத்தின் கிராமப் பாதைகளில் தொடங்கிற்று. மறு வருஷமே அஸென் நகரை ஒட்டிய பாதைக்கு மாறி, நிலைபெற்றது. 1949-ல் உலகச் சாம்பியன் பட்டத்துக்கான பந்தய வரிசை முதன்முதலாக ஏற்படுத்தப்பட்டபோது, மான் தீவு, ஸ்விட்ஸர்லாந்து, பெல்ஜியம், அல்ஸ்டர், இத்தாலி ஆகியவற்றுடன் அஸெனும் அதில் இடம் பெற்றது. அது முதல் 2020-ல் கொள்ளை நோய் காரணமாக நிறுத்தப்பட்ட ஒரு வருஷம் நீங்கலாக, இப்பந்தயம் அவ்வரிசையிலிருந்து விலகியதே இல்லை. 1955-ஆம் வருஷப் பந்தயத்துக்கு வேறொரு சிறப்பும் இருந்தது. சுமார் 16½ கிலோமீட்டர் நீளமிருந்த பழைய பாதையைக் கைவிட்டு, 7.7 கிலோமீட்டர் நீளத்தில் புதிதாக அமைத்த ஓட்டப் பாதையில் அவ்வருஷந்தான் முதன்முதலாகப் பந்தயம் நடந்தது.

இத்தகைய பந்தயங்களில் இரு வகை வண்டிகள் உண்டு. ஒன்று, ஒரே மனிதர் ஏறிச் செலுத்தும் தனி வண்டி. எஞ்சின் அளவைக் கொண்டு 125, 250, 350, 500 ஸி.ஸி. என்று அதை நான்கு பிரிவுகளாக வகுத்திருந்தார்கள். மற்றொன்று, மோட்டார் சைக்கிளின் பக்கத்தில் மூன்றாவது சக்கரமும் ஒரு தட்டும் பொருத்திய சைட்கார் வண்டி. அதற்கு 500 ஸி.ஸி. என்ற ஒரே பிரிவு. ஒவ்வொரு பிரிவிலும் முதல் ஆறு இடங்களைப் பெறுவோருக்கு முறையே 8, 6, 4, 3, 2, 1 என்று புள்ளிகள் உண்டு. வருஷ முடிவில் அப்புள்ளிகளைக் கணக்கிட்டே சாம்பியன் பட்டம் வழங்கப்படும்.

சைட்கார் பந்தயத்தை நேரில் பார்த்திராதவர்களுக்கு அதைப் பற்றிச் சிறிது விளக்குவது அவசியம். தனி வண்டி வளைவில் திரும்பும்போது அது தானே ஒருபுறம் சாய்ந்து கொடுக்கும். மூன்று சக்கர வண்டிக்கு அவ்வாறு சாயும் சக்தி இல்லை. ஆகவே வளைவில் அதைக் கவிழாமல் காப்பது உடன் செல்லும் இரண்டாவது மனிதரின் உடல் பாரமே. சைட்கார் இருக்கும் பக்கமாக வளைவு வந்தால், அவர் தட்டுக்கு வெளியே உடலை நீட்டித் தரையைத் தொட்டுவிடும் அளவுக்குத் தொங்க வேண்டும். எதிர்ப்பக்கமாக வந்தால், நொடிப்பொழுதில் எழுந்து ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னே பின்சக்கரத்தின்மேல் கவிந்து படுக்க வேண்டும். அவர் கையில் பிரேக்கும் இல்லை, கைப்பிடியைத் திருப்பும் அதிகாரமும் இல்லை. வேறொருவர் செலுத்தும் வேகத்துக்குத் தம் உயிரை ஒப்படைத்து, அந்த வேகம் சாத்தியமாவதற்கும் தாமே காரணமாக இருக்கிறார்.

1955-ல் அஸெனில் சைட்கார் பந்தயத்தை வென்றவர் ஜெர்மானியரான வில்லி ஃபௌஸ்ட். பி.எம்.டபிள்யூ. வண்டியில் அவருடன் சென்றவர் கார்ல் ரெம்மெர்ட். அவ்வருஷத்து உலகப் பட்டமும் அவர்களுக்கே கிடைத்தது. மறு வருஷம் ஹாக்கென்ஹைம் பாதையில் பரீட்சை ஓட்டத்தின்போது நேர்ந்த விபத்தில் ரெம்மெர்ட் மாண்டார். பலத்த காயமடைந்த ஃபௌஸ்ட் அத்துடன் பந்தயத்தை விட்டு விலகினார். ஃபௌஸ்ட் என்ற பெயரை அறிந்தவர்களில் எத்தனை பேர் ரெம்மெர்ட்டின் பெயரை நினைவில் வைத்திருக்கிறார்கள்? வண்டியைக் கவிழாமல் காப்பவரைக் கூட்டம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. தனி வண்டிப் பந்தயங்களிலும் இவ்வாறு கவனிக்கப்படாத ஒரு கூட்டத்தார் இருந்தார்கள். அவர்களைப் பற்றியதே நாம் சொல்ல வந்த விஷயம்.

இரு சாதியார்

1950-ஆம் வருஷங்களில் தனி வண்டி வீரர்கள் இரு சாதியாராகப் பிரிந்திருந்தார்கள். முதல் சாதியார் தொழிற்சாலைகளின் சம்பளம் பெற்ற வீரர்கள். இத்தாலியின் கிலேரா, எம்.வி. அகுஸ்தா, மோட்டோ குஸ்ஸி முதலிய கம்பெனிகள் தங்கள் வண்டிகளின் புகழைப் பரப்பும் பொருட்டு இவர்களை அமர்த்தியிருந்தன. கிலேராவின் பெரிய வண்டிக்கு நான்கு ஸிலிண்டர்கள். பழுதுபார்க்க மெக்கானிக்குகள், மாற்றுச் சாமான்கள், பிரயாணச் செலவு யாவும் கம்பெனியின் பொறுப்பு.

இரண்டாம் சாதியார் தனிப்பட்ட வீரர்கள். பெரும்பாலும் நார்ட்டன், ஏ.ஜே.எஸ். போன்ற ஒற்றை ஸிலிண்டர் வண்டிகளைத் தம் கைப்பணத்தில் வாங்கியவர்கள் இவர்கள். பிரிட்டனிலிருந்தும், அதைவிடத் தொலைவிலுள்ள ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து தேசங்களிலிருந்தும் கப்பலேறி ஐரோப்பாவுக்கு வந்தார்கள். ஒரு பழைய வேனில் வண்டியையும் படுக்கையையும் அடுப்பையும் ஏற்றிக்கொண்டு, வாரம் ஓர் ஊராக, தேசம் விட்டுத் தேசம் திரிந்தார்கள். இரவில் வேனிலேயே உறங்கி, பகலில் தம் எஞ்சினைத் தாமே பிரித்துப் பூட்டினார்கள். ஊர் ஊராகக் கூடாரம் அடிக்கும் இவ்வாழ்க்கைக்கு 'ஐரோப்பாக் கண்டத்து சர்க்கஸ்' என்றே பெயர் வழங்கிற்று.

இவர்களுடைய ஜீவனம் எப்படி நடந்தது? பரிசுப் பணம் முன்னணியில் வரும் சிலருக்கே உரியது. அவ்விடங்களைத் தொழிற்சாலை வண்டிகள் கவர்ந்துகொள்ளும். ஒற்றை ஸிலிண்டர் வண்டி எவ்வளவு திறமையாக ஓட்டப்பட்டாலும் நான்கு ஸிலிண்டர் வண்டியை நேர்ப்பாதையில் எட்டிப் பிடிக்க முடியாது. ஆகவே தனிப்பட்ட வீரர் நம்பியிருந்தது 'துவக்கப் பணம்' ஒன்றையே. பந்தயத்தில் வந்து கலந்துகொள்வதற்காக நிர்வாகிகள் கொடுக்கும் தொகை அது. அதற்கு நிலையான விகிதம் கிடையாது. ஒவ்வொரு வீரரும் ஒவ்வொரு நிர்வாகியிடமும் தனித்தனியே பேரம் பேசிப் பெறவேண்டும்.

இதில் ஒரு விசித்திரமும் உண்டு. பெயர் பெறாத சிறு பந்தயங்களை நடத்துவோர், வீரர்களை வரவழைக்கும் பொருட்டுத் தாராளமாகவே கொடுத்தார்கள். ஆனால் உலகப் பட்டத்துக்குரிய பெரும் பந்தயங்களை நடத்துவோர், ஜனக்கூட்டம் பெருகி வசூல் மிகுந்தபோதிலும், துவக்கப் பணத்தில் கையைச் சுருக்கினார்கள். 'புள்ளிக்கும் புகழுக்கும் ஆசைப்பட்டு எப்படியும் வருவார்கள்' என்ற நினைப்பே இதற்குக் காரணம். பெட்ரோல், டயர், சங்கிலி, பிஸ்டன், எல்லைக்கு எல்லை வண்டிச் செலவு ஆகியவற்றைக் கழித்தால் எஞ்சுவது என்ன? உழுகிறவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்று நம் நாட்டில் சொல்வார்கள். இவர்கள் நிலையும் அதுவே. உழவனுக்காவது நிலத்தில் உயிர்ப்பயம் இல்லை. இவர்களோ மரமும் கம்பமும் பள்ளமும் ஓரங்கட்டிய பாதைகளில், தலையில் ஒரு சிறு கவசத்தோடு, ஒவ்வொரு வாரமும் உயிரைப் பணயம் வைத்தார்கள்.

அன்று நடந்தது

1955 ஜூலையில் அஸெனுக்கு வந்த தனிப்பட்ட வீரர்கள், தங்களுக்குக் கொடுக்க முன்வந்த தொகை போதாதென்று முறையிட்டார்கள். நிர்வாகிகள் இணங்கவில்லை. பந்தய நாளும் வந்தது. 350 ஸி.ஸி. பந்தயம் தொடங்கியதும் யாவரும் வழக்கம்போலப் புறப்பட்டார்கள். ஆனால் ஒரு சுற்று முடிந்ததுமே தனிப்பட்ட வீரர்கள் பலர் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டார்கள். புறப்படுவதற்காகவே பணம் என்றால், புறப்பட்டாகிவிட்டது. அப்பணத்துக்கு இவ்வளவு ஓட்டமே பெறுமானம் என்று செய்கையினால் உணர்த்தினார்கள். தொழிற்சாலை வண்டிகள் மட்டும் மீதிச் சுற்றுகளை ஏறக்குறைய வெறிச்சோடிய பாதையில் ஓட்டின. மோட்டோ குஸ்ஸி வண்டியில் ஆஸ்திரேலியரான கென் கவானா வென்றார். ஆனால் முன்னணி வண்டிகள் கடந்துபோன பிறகு பார்ப்பதற்கு அதிகம் ஒன்றும் இல்லை. பந்தயம் என்பது முதலில் வருபவரால் மட்டும் நடப்பதன்று, பின்னால் வரும் இருபது பேராலும் நடப்பது என்ற உண்மை அன்று கூட்டத்தினர் கண்முன்னே நிரூபணமாயிற்று.

அடுத்து வரவேண்டியது நாளின் பிரதான பந்தயமாகிய 500 ஸி.ஸி. அதற்காகவே கூட்டம் காத்திருந்தது. இந்தச் சமயத்தில்தான் கிலேராக் குழுவின் ஜெஃப் டியூக்கும், அவருடைய சகாவான அயர்லாந்துக்காரர் ரெஜ் ஆர்ம்ஸ்ட்ராங்கும் தனிப்பட்ட வீரர்களின் பக்கம் நின்றார்கள். அவர்களுடைய கோரிக்கைக்கு இணங்காவிட்டால் தாங்களும் புறப்படப் போவதில்லை என்று தெரிவித்தார்கள்.

டியூக் யார் என்பதை அறிந்தால்தான் இச்செய்கையின் அருமை விளங்கும். இங்கிலாந்தில் ஸெயிண்ட் ஹெலன்ஸ் என்ற ஊரில் 1923-ல் பிறந்த அவர், அந்நாளில் உலகத்திலேயே தலைசிறந்த மோட்டார் சைக்கிள் வீரர். 1951-ல் நார்ட்டன் வண்டியிலும், 1953, 1954-ல் கிலேரா வண்டியிலும் 500 ஸி.ஸி. பட்டத்தை வென்றவர். 1951, 1952-ல் 350 ஸி.ஸி. பட்டமும் அவருடையதே. 1953-ல் பிரிட்டிஷ் அரசாங்கம் அவருக்கு ஓ.பி.இ. விருது அளித்தது. 1955-லும் பிரான்ஸ், மான் தீவு, ஜெர்மனி ஆகிய மூன்று இடங்களிலும் அவரே வென்றிருந்தார். அவ்வருஷம் மான் தீவில் அவர் ஓட்டிய ஒரு சுற்றின் வேகம் மணிக்கு 100 மைல் என்று முதலில் அறிவிக்கப்பட்டு, பின்னர் 99.97 என்று திருத்தப்பட்டது. இப்படிப்பட்டவருக்குத் துவக்கப் பணத்தில் குறையா? சம்பளத்தில் குறையா? ஒன்றும் இல்லை. வாய்மூடி இருந்திருந்தால் அவருக்கு ஒரு நஷ்டமும் வந்திராது. தமக்கு வேண்டாததைப் பிறருக்காகக் கேட்டார் என்பதே இதிலுள்ள பெருமை.

டியூக் இல்லாமல் 500 ஸி.ஸி. பந்தயத்தை நடத்துவது எப்படி? நிர்வாகிகள் பணிந்தார்கள், தொகையை உயர்த்திக் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். பந்தயம் நடந்தது. டியூக் முதலாவதாகவும் ஆர்ம்ஸ்ட்ராங் இரண்டாவதாகவும் வந்தார்கள். வருஷ முடிவில் 500 ஸி.ஸி. பட்டம் மறுபடியும் டியூக்குக்கே கிடைத்தது. அதோடு விஷயம் முடிந்தது என்றே பலரும் எண்ணினார்கள்.

தண்டனை

ஆனால் அது முடியவில்லை. உலகமெங்கும் இப்பந்தயங்களை ஆளும் சர்வதேச மோட்டார் சைக்கிள் சம்மேளனம் அவ்வருஷ இறுதியில் இதை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. டியூக்குக்கும், ஆர்ம்ஸ்ட்ராங்குக்கும், கிளர்ச்சியில் ஈடுபட்ட தனிப்பட்ட வீரர்கள் சுமார் ஒரு டஜன் பேருக்கும் லைசென்ஸை ரத்து செய்து தீர்ப்பளித்தது. டியூக்குக்கு விதித்த தடை 1956 ஜனவரி முதல் ஆறு மாத காலம். பந்தயப் பருவத்தில் பாதி அதிலேயே கழிந்துவிடும்.

இத்தீர்ப்பை ஆதரித்து ஒருவர் சொல்லக்கூடியதையும் ஆராய்வது நமது கடமை. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் அதை நிறைவேற்ற வேண்டும். தொகை குறைவென்று தோன்றினால் முதலிலேயே வராமல் இருந்திருக்கலாம். டிக்கெட் வாங்கிக்கொண்டு காலை முதல் காத்திருந்த ஜனங்கள் என்ன பாவம் செய்தார்கள்? பந்தயத்தின் நடுவில் கழுத்தைப் பிடித்து வாங்கும் வாக்குறுதி நியாயமான வாக்குறுதியாகுமா? இவை அலட்சியமாகத் தள்ளத்தக்க வாதங்களல்ல. பார்க்க வந்த கூட்டத்துக்கு ஏமாற்றம் நேர்ந்தது உண்மை. அதற்காக வீரர்கள் வருந்த வேண்டியவர்களே.

ஆயினும் இவ்வாதங்களில் பிரதானமான ஒன்று மறைந்து நிற்கிறது. வராமல் இருந்திருக்கலாம் என்கிறார்கள். பல்லாயிரம் மைல் கடந்து வந்து, வேனையே வீடாகக் கொண்டவன் ஒரு வாரம் சும்மா இருந்தால் அடுத்த ஊருக்குச் செல்லப் பெட்ரோல் ஏது? ஒரு தரப்பாருக்கு மறுக்கும் சக்தியே இல்லாதபோது எழுதப்படும் ஒப்பந்தத்தை முழு ஒப்பந்தம் என்று நாம் கொள்வதற்கில்லை. முறையிட வேறு இடம் இருந்ததா என்று பார்த்தால் அதுவும் இல்லை. சம்மேளனம் என்பது அந்தந்தத் தேசத்துச் சங்கங்களின் கூட்டு. பெரும் பந்தயங்களை நடத்தியவையும் பெரும்பாலும் அச்சங்களே. துவக்கப் பணத்தை நிர்ணயிப்பவர்களும், அது குறைவென்று சொன்னவர்களை விசாரிப்பவர்களும் ஒரே குடும்பத்தார். வழக்காளியே நீதிபதியின் ஆசனத்தில் அமர்ந்தால் தீர்ப்பு எப்படியிருக்கும் என்பதை நாம் விவரிக்க வேண்டியதில்லை.

தண்டனையின் அளவும் யோசிக்கத்தக்கது. தொழிற்சாலை வீரருக்கு ஆறு மாதத் தடை என்றால் பட்டமும் புகழும் போகும். தனிப்பட்ட வீரருக்கோ சாப்பாடே போகும். லைசென்ஸ் இல்லாதவன் எந்தத் தேசத்திலும் வண்டியேற முடியாது. கூடுதலாகக் கேட்டது சொற்பத் தொகை. பறித்ததோ பாதி வருஷ ஜீவனம். இனி எவரும் வாய் திறக்கக் கூடாது என்பதே இத்தகைய தீர்ப்பின் நோக்கம் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

நஷ்டமும் லாபமும்

டியூக் கொடுத்த விலை சிறியதன்று. 1956-ல் மான் தீவிலும் அஸெனிலும் அவர் இல்லை. எம்.வி. அகுஸ்தா வண்டியில் ஜான் ஸர்ட்டீஸ் என்ற இளைஞர் அவ்விரு பந்தயங்களையும் வென்றார். தடை நீங்கி ஜூலையில் பெல்ஜியத்துக்கு வந்த டியூக் முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தபோது எஞ்சின் கோளாறு அவரை நிறுத்திவிட்டது. பின்னர் ஸர்ட்டீஸ் ஜெர்மனியில் விழுந்து கையை முறித்துக்கொண்டபோதிலும், முன்பே சேர்த்த புள்ளிகள் அவருக்குப் பட்டத்தை அளித்தன. பருவத்தின் கடைசிப் பந்தயத்தை மோன்ஸாவில் டியூக் வென்றார். ஆனால் காலம் கடந்துவிட்டது. ஸர்ட்டீஸ் மகா வீரர் என்பதில் ஐயமில்லை. அவர் பெருமையைக் குறைக்க நாம் இதைச் சொல்லவில்லை. 1955-க்குப் பிறகு டியூக் உலகப் பட்டத்தை ஒருபோதும் திரும்பப் பெறவில்லை என்பதே நாம் கவனிக்க வேண்டியது. 2015-ல் தமது 92-ஆம் வயதில் அவர் காலமானபோது, ஆறு உலகப் பட்டங்களுக்குரியவர் என்று அவரைப் போற்றினார்கள். ஏழாவது கிடைத்திருக்குமா என்பதை எவரும் சொல்ல முடியாது. ஆனால் அதற்கான வாய்ப்பைப் பாதி வருஷம் அவர் பிறருக்காக இழந்தார் என்பதை எவரும் மறுக்க முடியாது.

அந்த இழப்பினால் பயன் உண்டானதா? அஸெனில் அன்று கொடுத்த கூடுதல் தொகையைத் தவிர, உடனடியாகப் பெரிய மாறுதல் எதுவும் வரவில்லை. வீரர்களுக்கும் ஆளும் சபைக்கும் இடையே பூசல் பல வருஷங்கள் நீடித்தது. 1979-ல் கென்னி ராபர்ட்ஸ், பாரி ஷீன் முதலிய முன்னணி வீரர்கள் சம்மேளனத்தை விட்டு விலகித் தாங்களே தனிப் பந்தய வரிசை தொடங்கப் போவதாக அறிவித்தார்கள். அவ்வரிசை நடைமுறைக்கு வரவில்லையாயினும், அந்த அச்சத்தினால் சம்மேளனம் பரிசுத் தொகைகளை உயர்த்திற்று. அஸெனில் ஒரு டஜன் பேர் தனியாக நின்று கேட்டதை, 24 வருஷங்களுக்குப் பிறகு முன்னணி வீரர்கள் ஒன்றுசேர்ந்து பெற்றார்கள். உரிமைகள் பெரும்பாலும் இவ்வாறே வருகின்றன. முதலில் கேட்டவர் தண்டனையைப் பெறுகிறார். பின்னால் வருபவர் பலனைப் பெறுகிறார்.

இவ்வரலாற்றிலிருந்து நமக்குப் புலப்படுவது ஒன்று. எத்தொழிலிலும் அடியில் இருப்பவன் கூலி கேட்டால், அவனைப் பேராசைக்காரன் என்று சொல்வது எளிது. அவனுடைய கோரிக்கையின் நியாயத்தை உலகம் உணர்வதற்கு, அக்கோரிக்கையினால் தனக்கு ஒரு லாபமும் இல்லாத ஒருவன் அவன் பக்கத்தில் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. உச்சியில் இருப்பவர்கள் அவ்வாறு இறங்கி வருவது அரிது. வந்தவர்களை உலகம் உடனே கொண்டாடுவதும் இல்லை.

அஸெனில் இன்றும் பந்தயம் நடக்கிறது. பெருந்திரளாக ஜனங்கள் கூடுகிறார்கள். வென்றவர்களின் பெயர்ப் பட்டியலில் 1955-ஆம் வருஷத்துக்கு நேரே டியூக்கின் பெயர் இருக்கிறது. ஒரு சுற்றோடு வண்டியை நிறுத்தியவர்களின் பெயர் எந்த வெற்றிப் பட்டியலிலும் இல்லை. ஆயினும் அன்றைய பந்தயத்தில் நினைவில் வைக்கத்தக்கது அவர்கள் ஓடாமல் விட்ட சுற்றுகளே என்பது நமது அபிப்பிராயம்.